உப்பு எங்கேயும் போகாது

ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மறு கண்ணில் சிறிய குழாய் ஒன்றை வைத்து, சன்னல் வெளிச்சத்தைப் பார்த்தபடி நிற்கிறார். குழாயின் முனைக் கண்ணாடியில் இரண்டு சொட்டுத் தொட்டித் தண்ணீர். உள்ளே தெரியும் உப்பின் அளவு முப்பத்தைந்தில் நின்றால்தான் அவருக்குக் காலைக் காப்பி தொண்டையில் இறங்கும்.

தொழில் லிப்ட் பழுதுபார்ப்பது. குடியிருப்பில் எல்லாருக்கும் அவர் உப்புத் தண்ணிக்காரர். கூடத்தில் டிவி இருக்க வேண்டிய இடத்தில் இருநூறு லிட்டர் கடல். அதில் கொஞ்சம் பவளம், பதினோரு வயதான கோமாளி மீன் ஜோடி ஒன்று. அடுத்து தண்ணீரின் காரத்தன்மை பார்க்கும் சோதனைக் குப்பியை எடுப்பார். நீலம் மஞ்சளாகும் வரை மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விடும்போது இடி விழுந்தாலும் காது கேட்காது. எண்ணிக்கை தவறினால் கொட்டிவிட்டு முதலிலிருந்து. அளவு குறைந்திருந்தாலும் ஒரேயடியாகச் சரிசெய்ய மாட்டார்.

"லிப்டும் தொட்டியும் ஒண்ணுதான். தடால்னு ஏத்தவும் கூடாது, எறக்கவும் கூடாது."

பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையைக் கவனிக்கும் மனைவி, தொட்டிக்கு வைத்த பெயர் சக்களத்தி. பல வருஷம் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை.

போன வருஷம் பித்தப்பை அறுவைக்காக இவர் ஒன்பது நாள் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. சோதனை முறைகளையெல்லாம் மனைவிக்குப் புள்ளி விடாமல் எழுதிக் கொடுத்த மனிதர், 'தண்ணீர் குறைந்தால் கோடு வரை ஊற்றவும்' என்றும் எழுதினார். எந்தத் தண்ணீர் என்று எழுதவில்லை. அந்த அம்மாளும் கடல் தொட்டிதானே என்று, வாரக் கடைசியில் தண்ணீர் மாற்றுவதற்காகக் கலந்து வைத்திருந்த உப்புத் தண்ணீரையே தினமும் ஊற்றிவந்தார்.

ஆறாம் நாள் காலையில் போன். மீன் இரண்டும் தரையோடு ஒட்டிக் கிடக்கின்றன, தீனியைத் தொடவில்லை, குழாயில் பார்த்தால் முப்பத்தொன்பது. தையல் இழுக்க எழுந்து உட்கார்ந்தார். கத்த வேண்டும்போல் வந்தது. மனைவியின் குரல் நடுங்குவதைக் கேட்டதும் அது அடங்கிவிட்டது.

"ஆவியாகிறது வெறும் தண்ணி மட்டுந்தான், உப்பு எங்கயும் போகாது. என் தப்பும்மா, சொல்லாம விட்டுட்டேன். மணிக்கு ஒரு ஜக் எடுத்துட்டு, ஒரு ஜக் நல்ல தண்ணி ஊத்து. அவசரப்பட்டா ரெண்டும் போயிடும்."

அந்த அம்மாள் இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். விடுப்பு எடுக்கும்படி யாரும் சொல்லவில்லை. காலை முதல் மாலை வரை ஒரு ஜக் எடுப்பதும் ஒரு ஜக் ஊற்றுவதுமாகத் தொட்டியருகே கிடந்து, ஒவ்வொரு முறையும் போனில் எண்ணைச் சொன்னார். எட்டாம் நாள் காலை கடைசி எண் வந்தது.

"முப்பத்தஞ்சு. ரெண்டும் சாப்பிட்டுச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

இவர் போர்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல் வலிக்கிறதா என்று நர்ஸ் வந்து கேட்டாள். "இல்லம்மா, மீன் சாப்பிட்டுச்சு" என்றார். அந்த நன்றி இன்றைக்கும் அவருக்குத் தீரவில்லை. லிப்டுக்குள் அகப்பட்டவர்களிடம்கூட, கதவைத் திறக்கும்வரை இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார்.

மாலை நாலு மணிக்கே வேலை முடிந்து வந்துவிடுகிறார். மீன்கள் பசியில் கண்ணாடியை முட்டுகின்றன. அவர் தீவனப் புட்டியைத் தொடுவதில்லை. ஆறு மணிக்கு வாசலில் மனைவி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், புட்டியின் மூடியைத் திருகித் திறந்து தயாராக வைத்துவிட்டு, தொட்டியை விட்டு ஓரடி தள்ளி நிற்கிறார்.