திரையில் என் தங்கையின் வலிப்பு

என் தங்கைக்கு வலிப்பு வரும் என்பதைப் பூனாவில் எங்கள் தமிழ்ச் சபை முழுவதும் ஒரே நேரத்தில் படித்தது. வெள்ளைத் திரையில், புறா பறக்கும் நீலப் பின்னணியில், கடைசி இருக்கையிலிருந்தும் கண்ணாடி இல்லாமல் படிக்கக்கூடிய எழுத்துகளில் அது வந்தது. பக்கத்தில் அவளுடைய புகைப்படம். லோணாவளாவுக்குச் சபைப் பிக்னிக் போனபோது எடுத்தது, கையில் சுட்ட சோளத்தோடு சிரிக்கிறாள். இத்தனை வருடம் கழித்தும் அந்தப் படத்தை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் வீடு போபோடியில். அப்பாவுக்குக் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை. தொண்ணூறுகளில் எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு கொடுப்பதென்றால், ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மடித்துக் காணிக்கைப் பையில் போடுவது. எழுத வராதவர்கள் பாஸ்டரம்மாவின் காதில் சொல்வார்கள். அப்போதிருந்த பாஸ்டர் முழங்கால் போட்டு, "ஆண்டவரே, உமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்காக" என்று மட்டும் சொல்வார். எந்தக் குடும்பம் என்று ஆண்டவருக்கு விளக்க வேண்டியதில்லை அல்லவா? அந்தக் காலத்தில் வம்பே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. யார் வீட்டில் யார் குடிக்கிறார் என்பது ஆராதனை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆனால் பேசுகிறவர்கள் குரலையாவது தாழ்த்திக்கொண்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு பாணேர் பக்கமிருந்து ஐ.டி. வேலைக்காரப் பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். சென்னை, கோயம்புத்தூர்ப் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், அதுதான் எனக்கு எரிச்சல். கெட்டவர்களாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். புரொஜெக்டர் வாங்கிக் கொடுத்தார்கள். தமிழ் படிக்க வராத எங்கள் பிள்ளைகளுக்காகப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் திரையில் போட்டார்கள். அதற்கு நானும் சந்தோஷப்பட்டேன். அடுத்து ஜெபக் குறிப்புகளுக்கென்று ஈமெயில் குழு ஒன்று வந்தது. அதற்கும் அடுத்து, ஆராதனை தொடங்கும் முன் அந்தக் குறிப்புகளைப் படத்தோடு திரையில் ஓடவிடும் வழக்கம் வந்தது. பெயரும் முகமும் தெரிந்தால் பாரத்தோடு, மனமுருகி ஜெபிக்கலாமாம். மூட்டுவலியும் சர்க்கரையும் ஓடின. யாரும் ஆட்சேபிக்கவில்லை. மூட்டுவலியை மறைக்க வேண்டிய அவசியம் யாருக்கு இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை வானவடியிலிருந்து ஒரு மிலிட்டரிக் குடும்பம் என் தங்கையைப் பார்க்க வந்திருந்தது. எங்கள் சபையில் பெண் பார்ப்பது இப்படித்தான். முதலில் ஆராதனைக்கு வந்து, பெண் எப்படிப் பாடுகிறாள், எப்படி முக்காடு போடுகிறாள் என்று பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பார்கள். பிடித்திருந்தால் மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். சாப்பிட்டு முடித்ததும் வலிப்பைப் பற்றிச் சொல்லிவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தார். மறைத்துக் கல்யாணம் செய்யும் எண்ணம் எங்களுக்கு இல்லை. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாள், எப்போதாவதுதான் வருகிறது, வேலைக்குப் போகிறாள். இதில் எதை முதலில் சொல்வது, எதைப் பிறகு சொல்வது என்று வாரம் முழுவதும் அடுப்படியில் தனக்குத்தானே பேசிப் பார்த்தார். அந்த நேரத்தில் நாக்கு எழாமல் போய்விடுமோ என்ற பயம். அதனால் உபவாச ஜெபத்தன்று பாஸ்டரம்மாவிடம் தனியாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை அவங்ககிட்ட இதைச் சொல்லணும். எனக்குத் தைரியம் கிடைக்கணும்னு ஜெபிச்சுக்கோங்கம்மா."

அம்மா கேட்டது தைரியம். பாஸ்டரம்மா அதைக் குழுவுக்குச் சொன்னார். குழுவில் ஒருவர் சுருக்கினார். சுருக்கியதில் அம்மாவும் போய்விட்டார், தைரியமும் போய்விட்டது. தங்கையின் பெயரும், "வலிப்பு நோயிலிருந்து பூரண விடுதலை பெற" என்பதும்தான் மிஞ்சின.

பையனின் அம்மா திரையைப் பார்த்தார். என் தங்கையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். ஆசீர்வாதம் சொன்ன கையோடு எழுந்து போனார்கள். அவசர வேலை வந்துவிட்டது என்று பையனின் அப்பா வாசலில் சொன்னார். வீட்டில் செய்து வைத்திருந்த பிரியாணியை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தோம். என்ன விசேஷம் என்று எல்லோரும் கேட்டார்கள்.

ஆராதனை முடிந்ததுமே நான் நேரே, லேப்டாப்பில் திரையை ஓட்டிய ஐ.டி. தம்பியிடம் போயிருந்தேன். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"ஜெபத்துக்குத்தானேக்கா போட்டோம்? நாம எல்லாம் ஒரே ஃபேமிலிதானே?" அவனுக்கு உண்மையாகவே ஒன்றும் புரியவில்லை. பாஸ்டரிடம் போனால், "கர்த்தருக்குச் சித்தமில்லை போலம்மா" என்றார். கர்த்தர் மேல் பழியைப் போடுவது எவ்வளவு வசதி! மவுஸை அழுத்தியது கர்த்தரா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கோயில் என்றும் பாராமல் கத்தினேன். அதற்காக இன்றுவரை நான் வருத்தப்படவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே புறா, அதே சோளம், அதே சிரிப்பு. கீழே மட்டும் மாற்றியிருந்தார்கள்: "ஏற்ற வரன் அமைய."

நான் எழப் போனேன். தங்கை என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆண்டவர் செய்த நன்மையைச் சபைமுன் எழுந்து சொல்லும் சாட்சி நேரம் வந்ததும் அவளே எழுந்து முன்னால் போனாள்.

"ஸ்தோத்திரம்" என்றாள். சாட்சி அப்படித்தான் தொடங்கும். "எனக்கு ஃபிட்ஸ் வரும். இதை நான் சொல்லணும், இல்லன்னா எங்கம்மா சொல்லணும். நீங்க சொல்லிட்டீங்க. டீக் ஹை, சரி, தெரிஞ்சு போச்சு. இனிமே நான் இங்க விழுந்தா, கையில சாவிக்கொத்தைத் திணிக்காதீங்க. வாயில தண்ணி ஊத்தாதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுட்டு தள்ளி நில்லுங்க. அப்புறம், என் போட்டோவை எடுத்துடுங்க."

சாட்சி முடிந்ததும் சபையார் ஆமென் சொல்வது வழக்கம். அன்று அம்மா மட்டும் உரக்க, "ஆமென்" என்றார்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டரம்மா கண்கலங்க வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா கேட்ட தைரியத்தைக் கர்த்தர் மகளுக்கே கொடுத்துவிட்டாராம். அடுத்த வாரம் அதையும் திரையில் போடலாமா என்று கேட்டார்.