முருகம்மாள் கொண்டுவந்த பஸ்

சாத்தூரிலிருந்து அச்சங்குளம் தாண்டி, பட்டாசு ஆலைகளுக்கு நடுவே கிடக்கிறது முருகம்மாளின் ஊர். அங்கே பஸ் வராது. பட்டாசு வேலைக்குப் போகும் முருகம்மாளையும் மற்ற பெண்களையும் கம்பெனி வேன் விடியுமுன் அள்ளிக்கொண்டு போகும். ஆஸ்பத்திரிக்கோ சந்தைக்கோ போகவேண்டுமென்றால் பைக் இல்லாதவர்களுக்கு நடைதான். புருஷனை இழந்து தனியாய் நின்ற முருகம்மாள், பஸ் கேட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினாள். பஸ் விட்டால் பைக் குறையும், புகை குறையும் என்று அதிகாரிகளும் கூட்டத்துக்குக் கூட்டம் பேசினார்கள். கடைசியில் ஒருநாள் பஸ் வந்தேவிட்டது.

பட்டாசு ஊர் சும்மா இருக்குமா? பஸ்ஸுக்கு மாலை போட்டு, ஆரத்தி எடுத்து, பத்தாயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். முருகம்மாள் பஸ் முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் பேப்பரில் வந்தது. அவள் சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

படத்தைப் பார்த்த ஆலை முதலாளி ஸ்ரீராம்குமார் மறுவாரமே வேனை நிறுத்தினார். 'புகையைக் குறைப்போம், பேருந்தில் செல்வோம்' என்று ஆலை வாசலில் போர்டு வைத்தார். அதைத் திறந்துவைக்கப் பெரிய காரில் தனி ஆளாய் வந்து இறங்கினார். வெட்கம் அவர் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

பஸ்ஸோ ஊருக்கு வந்து, தாயில்பட்டியைச் சுற்றிக்கொண்டு ஆலைக்குப் போவதற்குள் கேட் மூடிவிடும். பட்டாசு மருந்து கலக்கும் வேலை வெயில் ஏறுமுன் முடிய வேண்டும்; பிந்தி வந்தவளுக்கு அன்றைக்கு வேலை கிடையாது. காவலாளி கண்ணுச்சாமி கையை விரித்தார்.

"நான் என்ன தாயீ செய்ய? பஸ்ஸு நேரத்த மாத்தச் சொல்லுங்க."

நேரத்தை மாற்ற முருகம்மாள் மறுபடி மனு கொடுத்தாள். பதில் இல்லை.

மற்ற பெண்கள் புருஷன், பிள்ளைகளின் பைக்கில் தொற்றிக்கொண்டார்கள். ஒரே வேன் போன ரோட்டில் இப்போது வரிசையாகப் பைக்குகள் புகை கக்கிக்கொண்டு போகின்றன. பக்கத்து வீட்டுப் பொன்மணி மகனுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டே சொன்னாள்: "ஒங்க பஸ்ஸுல நீங்களே போங்கக்கா." வேனில் முருகம்மாள் மடியில் சாய்ந்து தூங்கியவள் அவள். முருகம்மாளுக்குக் கேட் மூடியதைவிட அதுதான் வலித்தது.

அவளை ஏற்றிப்போக ஆளில்லை. இருட்டோடு கிளம்பி நடந்தே போகிறாள். ஒருநாள் எதிரே ஊரை நோக்கிக் காலியாய் வந்த பஸ், அவளைக் கண்டு நின்றது.

"ஏறுங்கம்மா, பொம்பளைகளுக்குத்தான் டிக்கெட்டு கெடையாதே. ஆளே இல்லேன்னா இந்த ரூட்ட நிறுத்திருவாகளாம்," என்றார் டிரைவர்.

அவள் பஸ்ஸின் படிக் கம்பியைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இத ஊருக்குக் கூட்டியாந்தவளே நான்தாம்ப்பா," என்றாள். "ஏறுனா, ஊரச் சுத்திப் போறதுக்குள்ள கேட்ட மூடி என் பொளப்பு போயிரும். நீ போ."