முள் போட்ட ஊறுகாய்ப் புல்

கஜா புயலில் எங்கள் வைக்கோல் போர் நனைந்து அழுகிப்போனதே, அதற்கடுத்த வருடம்தான் மருமகள் மாட்டுக்குப் போட இந்த ஊறுகாய்ப் புல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அந்தப் புயலில் யார் வீட்டுத் தகரமோ பறந்து வந்து எங்கள் போர் மேல் உட்கார்ந்துகொண்டது. ஒரு மாதம் கழித்துத் தகரத்துக்காரர் வந்து, நாங்கள்தான் ஒளித்து வைத்தோம் என்பதுபோலப் பார்த்துவிட்டுத் தூக்கிப் போனார். அது வேறு கதை.

மக்காச்சோளத்தைக் கதிர் முற்றுமுன் தட்டையோடு வெட்டி நறுக்கி, மிஷினில் கொடுத்து இறுக்கி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக் கட்டுக் கட்டாக வாங்கி அடுக்கினாள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நறுக்கும்போது ஒரு பொடியைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தாளே, அதுதான் உறுத்தியது. விராலிமலைக் கடையில் வாங்கியதாம். யூரியாவாக இருந்துவிட்டால்? கூட்டாளி ஒருவனின் பசு யூரியாத் தண்ணீரைக் குடித்து, வயிறு உப்பி, என் கண் முன்னால் செத்தது. எங்களிடம் இருந்ததோ ஒரே கறவை, அதுவும் சினை.

அவள் அசந்த நேரம் பார்த்து, கொஞ்சம் பொடியை டம்ளர் தண்ணீரில் போட்டு விரலை விட்டேன். யூரியா என்றால் தண்ணீர் சில்லிட்டுப்போகும். சில்லிடவில்லை. அதனாலேயே சந்தேகம் கூடியது. யூரியா இல்லையென்றால் வேறு என்ன?

பின்னால் வந்து நின்றிருக்கிறாள். “பாலுக்கு ஒற ஊத்துறோம்ல மாமா, அது மாதிரிதாங்க இதுவும். சீக்கிரம் புளிக்க வைக்கும், கெட்டுப்போகாது.”

“பாலுக்கு ஒற ஊத்துனா காலையில தெரிஞ்சுபோகும் ஆத்தா. இத ஒன்றரை மாசம் மூடி வைக்கணும்ங்கிற. உள்ள என்ன நடக்குதுன்னு யாரு பாத்தா?”

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நான் தினமும் அங்கிட்டுப் போய்க் கட்டுகளைச் சுற்றி வந்து மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. வாடையே வராத தீவனத்தை எப்படி நம்புவது?

நாள் வந்து, மேலே இருந்த கட்டைப் பிரித்தோம். மேல் பக்கம் கறுத்து, வெள்ளைப் பூஞ்சை படர்ந்து, குப்பைமேட்டு வாடை அடித்தது. நான் மருமகளைப் பார்த்தேன். “சினை மாட்டுக்கு இதப் போட்டா கன்னு தங்குமா?” என்றேன்.

அவள் உரித்த தாளை வெயிலுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரிந்தது. ஒரு ஓட்டையில் ஒடிந்த கருவ முள் குத்தி நின்றது.

“அத்தை, இது மேல முள்ளு போட்டீங்களா?”

என் வீட்டுக்காரி கொஞ்சமும் அசரவில்லை. “போர்னா முள்ளு போடாம விடுவாகளா? பக்கத்து வீட்டு ஆடு ஏறித் திங்கிறதுக்கா?”

காலமெல்லாம் வைக்கோல் போருக்குச் செய்ததைத்தான் அவள் இதற்கும் செய்திருக்கிறாள். காற்றுப் புகுந்தால் எந்தப் பொடி போட்டும் பிரயோசனமில்லை என்றாள் மருமகள். அந்தக் கட்டை முழுக்கக் குப்பைக்குழியில் கொட்டினோம்.

அடியில், முள் படாத கட்டு ஒன்றைப் பிரித்தோம். உள்ளே இளம்பச்சையாக, நீராகாரம்போலப் புளித்த வாசனை. அப்போதும் நான் விடவில்லை. முதலில் கிழட்டுக் காளைக்குப் போடச் சொன்னேன். மறுநாள் அதன் சாணியைக் கிளறிப் பார்த்தேன்.

“மாமா, சாணியில சீட்டு எழுதி வச்சிருக்கா?” என்றாள்.

அதற்குப் பிறகுதான் பசுவுக்குப் போட விட்டேன். சிறுகச் சிறுகப் பழக்கினாள். பசு கிடேரிக் கன்று ஈன்றது. அது எழுந்து நின்று மடியை முட்டிய பிறகே எனக்குச் சோறு இறங்கியது.

அந்தப் பொடியை இன்றைக்கும் நான் நம்பிவிடவில்லை. ஆனால் முள் விஷயம் கண்ணால் கண்டது. குன்றாண்டார்கோவில் பக்கம் இப்போது நிறையப் பேர் கட்டு வாங்குகிறார்கள். அங்கே உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: மேலே முள் போட வேண்டாம், பூஞ்சை பிடித்ததைச் சினை மாட்டுக்குக் காட்டவே வேண்டாம்.