ஸ்ரெல்லாவின் வாய்க்கு வந்த வழக்கு

குருநகர் ஸ்ரெல்லாவின் வாயைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. சந்தை வாசலில் மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு அவள் குந்தியிருந்தால், விலை பேச வந்தவர்கள் அவள் சொன்னதைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

புதிதாக வந்த சந்தை மேற்பார்வையாளர் அருட்பிரகாசத்துக்கு இது தெரியாது, பாவம். "வாசலிலை வைச்சு விக்க ஏலாது, எழும்புங்கோ" என்று கடகத்தைப் பிடித்து இழுத்துவிட்டார். ஸ்ரெல்லா ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் முன்னால் தூற்றினாள்.

"என்ரை வயித்திலை அடிக்கிற உன்ரை கை விளங்காது."

அந்தக் கிழமையே மனிதர் குளியலறையில் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையோடு பொலிசுக்குப் போய், கடமையில் இருந்த தன்னை ஸ்ரெல்லா அச்சுறுத்தியதாக முறைப்பாடு கொடுத்தார். பொலிஸ் அதை, நீதிமன்றத்துக்கு முன் சமரசம் பேசும் இணக்க சபைக்கு அனுப்பியது. அதன்பிறகு வாசல் பக்கம் அவர் தலைவைத்தும் படுக்கவில்லை. ஸ்ரெல்லாவின் வியாபாரமோ அமோகம்.

தேவாலயப் பங்கிலிருந்து உதவிக்கு வந்த சட்டத்தரணி நிவேதனா விளக்கினாள். "அன்ரி, கோவத்திலை சொன்ன வெறும் கதையெண்டால் குற்றமில்லை. பலிக்குமெண்டு வெருட்டினதெண்டால்தான் பிழை. வெறும் கதையெண்டு சொல்லுங்கோ."

"என்ரை வாய் வெறும் வாயோ பிள்ளை?" ஸ்ரெல்லாவுக்கு நெஞ்சு எரிந்தது. ஆனால் மறியலில் அடைத்துவிட்டால் வாசல் இடத்தை வேறு யாராவது பிடித்துவிடுவார்கள்.

இணக்க சபையில் அவள் எழுந்து நின்றாள். "ஐயா, என்ரை மனுசன் சூசைதாசனைக் கலியாணம் கட்டின நாளிலையிருந்து திட்டுறன். அந்தாளுக்கு ஒரு தடிமன் காய்ச்சலும் வந்ததில்லை. என்ரை வாய்க்கு ஒரு பலனும் இல்லை."

சபை சிரித்தது. எல்லோரையும்விட அருட்பிரகாசம்தான் உரக்கச் சிரித்தார். பேச்சு வேறு, அச்சுறுத்தல் வேறு என்று தவிசாளர் பெரிய பிரசங்கமே வைத்தார். முறைப்பாட்டை மேற்பார்வையாளர் பெருந்தன்மையோடு மீளப் பெற்றுக்கொண்டார்.

மறுநாள் காலை சந்தை திறக்கும்போதே அவர் வாசலுக்கு வந்துவிட்டார், கூடவே இரண்டு தொழிலாளிகள். அவர்கள் கடகத்தைத் தூக்கித் தெருவோரம் வைத்தார்கள். ஸ்ரெல்லா வாயைத் திறந்தாள்.

"திட்டுங்கோ அக்கா" என்றார் அருட்பிரகாசம், வலு மரியாதையாக. "அதுக்கு இப்ப ஒரு தடையும் இல்லை."

சுற்றி நின்ற பெண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு தெருவோரத்துக் கடகத்தடிக்குப் போனாள்.