பூவரசங் கிண்ணத்தின் விளிம்பு

அம்பாசமுத்திரத்தில் ஒரு கடைசல் பட்டறை. சிவப்பும் பச்சையுமாக மரச் சொப்புகள் குவிந்து கிடக்கின்றன. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பூவரசங் கிண்ணத்தை எடுத்து நீட்டுகிறேன். நானே கடைந்தது. விளிம்பில் மரப்பட்டையை அப்படியே விட்டிருக்கிறேன். வாய் மேடும் பள்ளமுமாக, மரம் வளர்ந்த வாக்கிலேயே நிற்கும். அந்தப் பட்டை உதிராமல் கடைவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இனி மெருகுதான் பாக்கி. எண்ணெயா, அரக்கா என்பதில்தான் ஊரிலிருந்தே குழப்பம்.

"எண்ணெய்னா பிசுக்குப் புடிக்கும் சார். அரக்கு ஏத்துனா கண்ணாடி கணக்கா மின்னும்" என்கிறார் பட்டறைக்கார அண்ணாச்சி.

"சரி அண்ணாச்சி. ஆனா கலர் வேண்டாம், மரம் தெரியணும்."

"எங்கிட்ட விடுங்க. ஒரு டீயக் குடிச்சிட்டுப் பைய வாங்க."

போனதுதான் தப்பு. திரும்பி வந்தால் கிண்ணம் சாயமில்லாமல் பளபளக்கிறது. வாய் மட்டும் வட்டமாக, மொழுமொழுவென்று இருக்கிறது.

"பட்டை எங்க அண்ணாச்சி?"

"அதுவா? கிண்ணம் சுத்தும்போது அரக்குக் கட்டிய வச்சு அழுத்துனா, பட்டை தட்டித் தட்டி விடுது சார். சின்னப் பிள்ளைக வாயில வச்சாலும் குத்தும்லா? சீவி விட்டுட்டேன்."

"இது சொப்பு இல்லையே! அந்தப் பட்டைதானே அழகு! அதுக்குத்தானே இவ்வளவு பாடு!" என்று கத்துகிறேன்.

அவர் பதறிப்போய்ப் பலகைக்கு அடியிலிருந்து ஒரு பேப்பர் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைக்கிறார்.

"கோவப்படாதிய சார். ஒண்ணையும் தூரப் போடல. பூராவும் இதுல இருக்கு, ஊர்ல போயி ஒட்டிக்கிடுங்க."