மாவு மில்லும் சிற்றலையும்

கல்யாணமாகி நான் புனேயில் கோர்படிக்கு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஊரில் எங்கள் வீட்டில் போன் கிடையாது. வேளாண்மை அலுவலகத்தில் வேலை பார்த்த அப்பா அதிகம் பேசுகிறவரும் இல்லை. அவர், புனே வந்த உறவினரிடம் சொல்லியனுப்பினார்: "ஞாயித்துக்கெழம காலையில ரேடியோல பேசறேன். முடிஞ்சா கேக்கச் சொல்லுங்க." ஒரு வருஷமாகக் காதில் விழாத குரல். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

புனேயில் சிற்றலையில் தமிழைப் பிடிப்பது லேசான காரியமில்லை. பால்கனியிலிருந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிவரை செப்புக்கம்பி கட்டியிருந்தோம். அதில் மேல்வீட்டம்மா ஈரப் புடவை போடாமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. காலையில் சென்னை ஓரளவு எடுக்கும், கீழே மாவு மில் ஓடாதவரை. மோட்டார் ஓடினால் ரேடியோவில் அப்பளம் பொரிகிற சத்தம்தான். ஞாயிறன்றுதான் மில்லில் கூட்டமும் அதிகம்.

"மில்ல நிறுத்தச் சொல்லப் போறியா? அடிக்க வருவான்" என்றார் என் கணவர். போனேன். கோதுமை டப்பாக்களோடு பெண்கள் வரிசையில் நின்றார்கள். அப்பா ரேடியோவில் பேசப்போகிறார் என்று அரைகுறை இந்தியில் கெஞ்சினேன். மில்காரர் சுவிட்சை அணைத்தார். வரிசை முழுக்க என் பின்னால் படியேறி வந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். சாப்பிட உட்காரும்போது செருமுகிற அதே செருமல். பிறகு நெற்பயிரில் இலைச்சுருட்டுப் புழுவைப் பற்றிப் பேசினார். வேறொன்றும் பேசவில்லை. நான் தேம்பித் தேம்பி அழுதேன். என்ன சொன்னார் என்று பதறினாள் ஒருத்தி. புழுவுக்கு வேப்பெண்ணெய் அடிக்கச் சொல்கிறார் என்றேன். அதற்கா இந்த அழுகை என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

அதன்பிறகு ஞாயிறுதோறும் சுவிட்சைப் போடுமுன் மில்காரர் அண்ணாந்து கத்துவார்: "தாயீ, ஆஜ் பாபா ஹை க்யா?" அக்கா, இன்றைக்கு அப்பா உண்டா என்று கேட்கிறார். இல்லையென்று கையசைப்பேன், மில் ஓடத் தொடங்கும். அப்பாவை மறுபடி ரேடியோவில் கூப்பிடவேயில்லை. எஃப்.எம். வந்தது, கேபிள் வந்தது, செப்புக்கம்பி மேல்வீட்டம்மாவுக்குத் துணிக்கொடியானது. அந்த மனிதர் மட்டும் கேட்பதை விடவில்லை. எனக்கும் அது பிடித்திருந்தது.

ஊரில் அப்பாவின் காரியம் முடித்துத் திரும்பிய ஞாயிறும் கேட்டார். அவருக்கு விஷயம் தெரியாது. வழக்கம்போல இல்லையென்று கையசைத்தால் போதும். கை எழவில்லை. அவர் சுவிட்சைப் போடாமல் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்.