குந்தாரப்பள்ளிச் சந்தையில் நரி வாலோடு

விலங்கு வேடம் போடப் பிடித்தவர்கள் இன்று பெங்களூரில் கூடுகிறோம். வழக்கமாக அங்கே போய்க் கழிப்பறையில்தான் வேடத்தை மாட்டிக்கொள்வேன். இந்தத் தடவை கிருஷ்ணகிரியில் பஸ் ஏறும்போதே நரிக் காதும் வாலும் போட்டுக்கொண்டேன். முகமூடிக்குத் தைரியம் வரவில்லை, அது பையில் இருக்கிறது.

குந்தாரப்பள்ளியில் டயர் பஞ்சர். எல்லோரும் இறங்குகிறோம். எதிரே ஆட்டு மாட்டுச் சந்தை. வாலைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொள்கிறேன். ஒருவர் என்னைப் பார்த்துச் செல்போனைத் தூக்குகிறார். காதைக் கழற்றக் கை போகிறது. இப்போது கழற்றினால் இன்னும் அசிங்கம்.

மூன்று ஆடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு அக்கா கிட்டே வருகிறாள்.

"இதென்னாப்பா, நாயா?"

"நரிக்கா." என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"நரியா? மூஞ்சி எங்க?"

"பையில இருக்குதுக்கா."

"எடுத்து மாட்டு. விடியக்கால வந்தேன், ஒண்ணு கூடப் போவல. நரி மூஞ்சில முழிச்சா யாவாரம் ஆவும்."

கிண்டலா என்று பார்க்கிறேன். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கிறாள். முகமூடியை எடுத்துக் கட்டுகிறேன், நாடா இரண்டு தரம் நழுவுகிறது.

"முழிக்கட்டா?"

"ம்."

கண்ணைத் திறந்து நிதானமாகப் பார்க்கிறாள். "செரி, போ."

டயர் மாற்றி பஸ் கிளம்புகிறது. ஜன்னலில் எட்டிப் பார்க்கிறேன். மூன்று ஆடும் அப்படியே நிற்கின்றன. யாராவது வந்து விலை கேட்கிறார்களா என்று சந்தை மறையும் வரை பார்க்கிறேன்.

சூளகிரி தாண்டிய பிறகுதான் தெரிகிறது, முகமூடியை நான் இன்னும் கழற்றவே இல்லை.